வெட்டி ஒட்டிய குரல்

1. உள்ளி மணந்த கை

மல்ற்றிமீடியா முதுநிலைப் படிப்பின் முதல் நாள் வகுப்புக்கு நான் உள்ளிப்பூண்டு மணக்கும் கையோடு போனேன். மத்தியானம் வரை பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் சமையலும் துடைப்பும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் மணம் போகவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் கதிரையை மெல்லத் தள்ளிப் போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, எனக்கே அந்த மணம் பிடிக்காது.

ஒலிப்பதிவுப் பாடம் எடுத்தவர் ஓர் இத்தாலியப் பொறியியலாளர். எல்லாரும் அவரை ‘இஞ்சினியர்’ என்றே கூப்பிட்டோம். ஒவ்வொருவரும் என்ன படித்தோம், என்ன வேலை செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். இலங்கையில் பீ.எஸ்சி., பலெர்மோவில் வீட்டு வேலை என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“நல்லதாப் போச்சு. கதவுக்கு வெளியிலை நிண்டே சிஞ்ஞோராவுக்கு இண்டைக்குக் கோபமோ இல்லையோ எண்டு கண்டுபிடிக்கிற காது உமக்கு இருக்கும். மற்ற ஆக்களுக்கு அதை நான் ஒரு வருசம் படிப்பிக்க வேணும்,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இப்போது எங்கள் ஆட்களின் பிள்ளைகள், “அங்கிள், மல்ற்றிமீடியாவிலை மாஸ்டர் செய்தால் என்ன வேலை எடுக்கலாம்?” என்று கேட்கிறார்கள். எடுக்கலாம். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி விளம்பரக் கொம்பனிக்குப் போனாள். ஒருவன் மிலானோவில் இணையப் பக்கங்கள் செய்தான். ஒருவன் தொலைக்காட்சியில் எழுத்து ஓடவிடும் வேலை. மிச்சப் பேர் தகப்பன்மாரின் கடைகளுக்குத் திரும்பினார்கள். நான் ஒலிப் பக்கம் போனேன், அதுதான் எனக்கு இத்தனை காலம் சோறு போடுகிறது. எப்படிப் போனேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சொன்னால் தாய் தகப்பன் அவர்களை மருத்துவத்துக்குத் துரத்திவிடுவார்கள்.

2. தமிழ்க் குரல்

தொண்ணூறுகளில் மல்ற்றிமீடியா என்றால் சிடி-றொம். எழுத்து, படம், ஒலி, வீடியோ எல்லாம் ஒரு தட்டில். திரையில் ஒன்றை அழுத்தினால் ஒன்று பேசும், அதற்கே உலகம் வாய் பிளந்தது. லாபில் சிடி எழுதும் இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. அது ஓடும்போது யாராவது மவுஸைத் தொட்டால் தட்டு பாழ். அதனால் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் பூசை பார்ப்பதுபோல நிற்போம்.

படிப்பு முடிய ஒவ்வொருவரும் ஒரு செயற்திட்டம் கொடுக்க வேண்டும். நான் எடுத்தது, வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் வரும் எங்கள் சனங்களுக்கு இத்தாலியன் படிப்பிக்கும் சிடி. திரையில் ஒரு வீடு. கட்டிலை அழுத்தினால், “குளிருதோ?” என்று தமிழில் கேட்கும், பிறகு அதையே இத்தாலியனில் சொல்லும். இத்தாலியக் குரல் வகுப்புத் தோழி ஒருத்தியுடையது. தமிழ்க் குரல் யூட்டுடையது.

யூட் என் அறைத்தோழன். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரைப் பெடியன், கத்தோலிக்கன். அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோச் சந்தைக்கு மேலே, ஓர் அறையில் இருவரும் இருந்தோம். வாயைத் திறந்தால் பகிடி, மூடினால் பாட்டு. குரல் மட்டும் நல்ல கனமான குரல். ஞாயிறு பூசையில் அவன்தான் வாசகம் வாசிப்பான்.

ஒலிப்பதிவு அறைக்குள் அவனை இருத்துவது பெரும்பாடு.

“டேய், ஒரு வசனத்தை எத்தினை தரமடா சொல்லுறது? நீ படிக்கிறியோ, என்னைக் கொல்லுறியோ?”

“இன்னொருக்கால் சொல்லு மச்சான். ‘குளிருதோ’ எண்டதிலை அன்பு காணாது.”

“அன்போ? நான் பாக்கிற வீட்டுக் கிழவி என்னோடை கதைக்கிற கதைக்கு இவ்வளவு அன்புதான் வரும்.”

பிறகு சிரித்துச் சிரித்து இருமுவான். அந்தச் சிரிப்பு, இருமல், தூஷணம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனி ஃபைலாகச் சேமித்தேன். தொழில் அப்படித்தான். ஃபைல் துப்புரவாக இருக்க வேண்டும், கொம்பியூட்டரிலும் இடமில்லை. அவன் குரலை முதலில் பதிந்த மூல நாடாவை அடுத்த மாணவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது லாபின் விதி. நானும் கொடுத்தேன்.

3. ஜன்னல்

ஒரு நாள் பின்னேரம் வகுப்பில் இருந்தபோது செயலாளர் வந்து என்னைக் கூப்பிட்டார். யூட் ஒரேத்தோப் பக்கம் ஒரு வீட்டில் மூன்றாம் மாடி ஜன்னலின் வெளிக்கதவைத் துடைக்க ஏறியிருக்கிறான். ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவனுடைய அக்கா றெஜினா வாசலில் இருந்தா. பக்கத்தில் அவன் சப்பாத்து ஒன்று மட்டும் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த வீட்டுக்காரர் மீது, அந்த ஜன்னல் மீது, அவன் மீதும்கூட. மீன்பிடி வள்ளத்தில் நின்று பழகிய கால், ஒரு ஜன்னலில் வழுக்குமா?

உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. அங்கே சண்டை, யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டு. பங்குச் சுவாமி பூசை வைத்தார், இங்கேயே அடக்கம் செய்தோம். அறையில் அவன் சட்டைகள் கொடியில் காய்ந்தபடி இருந்தன. நான் எடுத்து மடிக்கவில்லை.

யூட்டின் தாய் யாழ்ப்பாணத்தில். நெஞ்சு வருத்தக்காரி. அந்தக் காலம் ஊருக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் போகும், அதைவிடக் கசெற் போகும். கொழும்புக்குப் போகும் யாராவது கொண்டுபோய், அங்கிருந்து இன்னொருவர் கையில் கொடுத்து, எப்படியோ வீடு சேரும். தாய் அதே கசெற்றில் தன் குரலைப் பதிந்து அனுப்புவா. அடக்கம் முடிந்து சில நாளில் அவவின் கசெற் ஒன்று யூட்டுக்கு வந்து சேர்ந்தது. றெஜினா அக்கா அதையும் ஒரு வெற்றுக் கசெற்றையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தா.

“தம்பி, அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லேல்லை.”

“தெரியும் அக்கா.”

“கடிதத்திலை எழுதினால் அந்த இடத்திலையே போயிடுவா. என்ரை பாஸ்போட், இஞ்சை இருக்கிற பெர்மெசோ புதுக்கக் குடுத்து, குவெஸ்துராப் பொலிசிலை கிடக்குது. அது வரட்டும், பாதை திறக்கட்டும், நான் நேரிலை போய் மடியிலை கிடந்து சொல்லுறன். அதுமட்டும் அம்மா இருக்க வேணும்.” வெற்றுக் கசெற்றை என் பக்கம் நீட்டினா. “அவன்ரை குரல் உம்மட்டைக் கிடக்குதெல்லோ?”

எனக்கு விளங்கிவிட்டது. “அக்கா, செத்தவனைக் கதைக்க வைக்கச் சொல்லுறியளோ?”

“நீர் ஒண்டும் கதைக்க வைக்க வேண்டாம். அவன் கதைச்சதுதானே. அதிலை கொஞ்சத்தை எடுத்துத் தாரும்.”

எங்கள் இருவர் குடும்பத்திலும் சாவைச் சொல்லாமல் ஒளித்த கதைகள் உண்டு. எங்கள் ஆட்களுக்கு அது பொய்யாகத் தெரிவதில்லை, மருந்தாகத்தான் தெரியும். சரி என்றேன்.

4. இஞ்சினியரின் பாராட்டு

முதலில் தாயின் கசெற்றைக் கேட்டேன். அளவெட்டியில் ஒரு பெண் பார்த்திருக்கிறாவாம், படம் அனுப்பவா என்று கேட்டிருந்தா. கூரை ஓடு மாற்ற வேண்டும், யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டிருந்தா. யூட்டின் ஃபைல்களில் இவற்றுக்கு எங்கே மறுமொழி இருக்கப்போகிறது?

இருந்தவை வேறு. “நான் சுகமா இருக்கிறன்.” “இஞ்சை மழை பெய்யுது.” “சாப்பிட்டாச்சோ?” “மருந்து குடிச்சாச்சோ?” “கவனமா இருங்கோ.” “கொஞ்சம் பொறுங்கோ, வாறன்.” முதியவர்களைப் பார்க்கும் வேலைக்கு எழுதிய வசனங்கள். ஆனால் ஒரு மகன் தாய்க்குச் சொல்வதும் அவ்வளவுதானே என்று எனக்கு அப்போது பட்டது. றெஜினா அக்காவுக்கும் அப்படியே பட்டது.

ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அடுக்கிக் கேட்டால் மனிதன் பேசுவது மாதிரி இல்லை, அறிவித்தல் மாதிரி இருந்தது. இடைவெளி ஒரே அளவு, மூச்சும் இல்லை. ஒரு வசனத்தின் தொடக்கத்தில் வெட்டத் தவறிய மூச்சு ஒன்று கிடந்தது. அதைப் பிரதி எடுத்து வேறு இடங்களிலும் வைத்தேன். எங்கள் அறை ஜன்னலைத் திறந்து பல்லாரோச் சந்தையின் கூச்சலைப் பதிந்து வந்து, லாபில் அதை அடியில் மெல்ல ஓடவிட்டேன். அதற்குப் பிறகு ஒட்டு ஒன்றும் தெரியவில்லை. யூட் சந்தைக்கு மேலே கட்டிலில் இருந்து தாயோடு கதைத்தான். நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்தபோது இஞ்சினியர் என் இடத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது.

“எத்தினை துண்டு இது?”

சொன்னேன்.

“வெட்டு ஒண்டும் கேக்கேல்லை. இந்த வகுப்பிலை இதுதான் நல்ல வேலை. தொலைபேசியிலை கேக்கிற அறிவித்தல் குரலுகளைப் பதிவு செய்து குடுக்கிற ஸ்ரூடியோ ஒண்டு ஆள் தேடுது, உம்மைத்தான் சொல்லப்போறன்.” எழும்பும்போது, “நல்ல குரல். அந்த ஆளை விடாதையும், திருப்பிக் கூப்பிடும்,” என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன். என் முதல் தொழில்முறை வேலை எனக்குக் கிடைத்தது அப்படித்தான். மறுநாள் அந்தச் சந்தோசமான செய்தியை என் சிஞ்ஞோராவுக்குச் சொல்லியிருக்க வேண்டும், பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

5. மறுமொழி

மாதங்கள் போயின. ஸ்ரூடியோவில் பாதி நாள், சிஞ்ஞோரா வீட்டில் பாதி நாள். என் பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, வீட்டு வேலைக்கென்று தந்தது, அதனால் துடைப்பத்தை விட முடியாது. றெஜினா அக்காவின் பாஸ்போட் இன்னும் வரவில்லை. நாங்கள் அனுப்பிய கசெற் போய்ச் சேர்ந்ததோ என்றும் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா என்னைக் கையில் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனா. தாயின் கசெற் வந்திருந்தது. தனியே போட அவவுக்குப் பயம். குசினி மேசையில் வைத்துப் போட்டோம்.

கனநேரம் சேவல் கூவும் சத்தம் மட்டும். பிறகு தாய் பேசினா. யூட்டோடு அல்ல, மகளோடு.

“பிள்ளை றெஜி. தம்பியின்ரை கசெற் வந்தது. பொம்பிளை விசயம் கேட்டனான், அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஓடு மாத்திறது கேட்டனான், அதுக்கும் இல்லை. மருந்து குடிச்சாச்சோ எண்டு கேக்கிறான். அவன் எப்ப என்னை அப்பிடிக் கேட்டவன்? குடிக்காட்டில் சாவாய் எண்டெல்லோ ஏசுறவன். இது அவன் எனக்குக் கதைச்சதில்லை, பிள்ளை. வேலை செய்யிற வீட்டிலை ஆரோ கிழவிக்குக் கதைச்சது.”

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டா. நான் நிறுத்தக் கை நீட்டினேன், தட்டிவிட்டா.

“நீ எனக்கு ஒளிக்கிறாய் எண்டால் விசயம் பெரிசுதான். நான் சுவாமியிட்டைப் போய் அவன்ரை ஆத்துமாவுக்கு ஒரு பூசைக்குக் குடுத்திட்டன். என்ரை நெஞ்சுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நடந்திருந்தால் நல்லம். நீ அழாதை.” மறுபடி சேவல். “குரல் அவன்ரைதான். இன்னும் கிடந்தால் அனுப்பு, மோள். எனக்குச் சொன்னதாய் இருக்க வேண்டாம். என்னத்தையாவது கதைக்கட்டும். சிரிக்கிறது கிடந்தாலும் அனுப்பு.”

6. மீதி

மறுநாளே லாபுக்கு ஓடினேன். மூல நாடாவில் அடுத்த மாணவன் யாரோ தன் இசையைப் பதிந்திருந்தான். அவனில் பிழையில்லை, என்னிலும் பிழையில்லை, விதி அப்படி. ஆனால் யூட் சிரித்தது, இருமியது, என்னை ஏசியது, அந்தத் தாய் ஆசைப்பட்ட அவ்வளவும் போயிருந்தது. மிஞ்சியது நான் துப்புரவாக்கி வைத்த வசனங்கள் மட்டும், சிஞ்ஞோராவிடம் லீவு கேட்கும் வசனம் வரை. அவற்றை ஒட்டாமல், சந்தைச் சத்தம் போடாமல், இருந்தபடியே வரிசையாக ஒரு கசெற்றில் பதிந்து கொடுத்தேன். நான் பிழை என்று எறிந்ததுதான் அவன், வைத்திருந்தது வெறும் குரல்.

பிள்ளைகளே, மல்ற்றிமீடியா படியுங்கள். வேலையும் கிடைக்கும். எந்த மென்பொருளும் நாலு வருசத்தில் கிழடாகும், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மூலப் பதிவை அழிக்காதீர்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த பாடம். எங்கள் ஸ்ரூடியோவில் ஓர் அலுமாரி நிறைய மனிதர்கள் தொண்டையைச் செருமுகிற நாடாக்கள் இருக்கின்றன. முதலாளிமார் மாறி மாறி வந்து, இதென்ன குப்பை என்று கேட்டுவிட்டார்கள். நான் எறிய விடவில்லை.

பிறகு பாதை கொஞ்சம் திறந்தபோது றெஜினா அக்கா ஊருக்குப் போய் வந்தா. மடியில் கிடந்து சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை, மடியில் கிடந்துவிட்டு மட்டும் வந்தா. வந்த கையோடு என்னைப் பார்க்க ஸ்ரூடியோ வாசலுக்கு வந்தா.

“அம்மா காலமை எழும்பித் தேத்தண்ணி வைக்கேக்கை அந்தக் கசெற்றைப் போடுவா, தம்பி. பேசாமல் கேட்டுக்கொண்டு வேலை செய்வா. ஒரு இடத்திலை அவன், ‘எனக்குத் தலையிடிக்குது, இண்டைக்கு வேலைக்கு வரேலாது’ எண்டு சொல்லுறானெல்லோ. அந்த இடம் வந்தால் மட்டும் கையிலை இருக்கிறதை வைச்சிட்டு, ‘அப்ப போகாதை மோனை’ எண்டு சொல்லுவா. ஒவ்வொரு நாளும் சொல்லுறா.”