மருந்து அறைக்குள் கால் வைத்த மாரி

எழுத்தாளருக்குத் தலைக்கனம் ஏறினால் திருத்தங்கலுக்கு அனுப்பி வையுங்கள். தானாக இறங்கிவிடும்.

எனக்குப் போன வாரம் இறங்கியது. பிள்ளைகளுக்காக நான் எழுதிய சரித்திர நாவல் அங்கே ஒரு பிரஸ்ஸில் மறுபதிப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாளையக்காரர் காலத்துக் கதை. கலர் சரியாக விழாத தாள்களை என்ன செய்வீர்கள் என்று பிரஸ்காரரிடம் கேட்டேன்.

"பட்டாசு வெடிக்குக் காகிதக் குழாய் சுத்தப் போயிரும்க்கா. பக்கத்துல நாரணாபுரத்துல வீட்டுல வச்சு சுத்துறாக" என்றார் சாதாரணமாக.

என் தளபதிகள் எல்லாம் வெடிக்குள்ளா? பார்த்தே தீருவது என்று ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

அங்கே குழாய் சுற்றும் முத்துலட்சுமியின் வீட்டு முன்னறை முழுக்க என் பக்கங்கள். கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாள் மட்டும் சுற்றாமல் தனியாக இருந்தது. நான் யாரென்று சொன்னதும் அதை எடுத்து நீட்டினார்.

"எழுதுனது நீங்கதானாக்கா? இதுக்கு அடுத்த பக்கம் வரவே இல்ல. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

வாங்கிப் பார்த்தேன். கோட்டைக்கு வெடிமருந்து இடிக்கும் வீட்டுச் சிறுமி மாரி, காலில் கொலுசைக் கழற்ற மறந்து மருந்து அறைக்குள் கால் வைக்கிறாள். அந்த இடத்தில் தாள் முடிகிறது.

அடுத்த பக்கத்தில் மாரி செத்துப்போவாள். கொலுசு கல்லில் உரசி, ஒரே ஒரு பொறி... படித்தவர்கள் எல்லாம் அழுத இடம். பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். முத்துலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும், "ஏன் கேக்குறீங்க?" என்றேன்.

"எம் மகளும் மாரிதான்க்கா. பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம்புலதான் வேலை. தினம் கொலுசைக் கழட்டி சாமி படத்துக்கிட்ட வச்சிட்டுப் போவா. இன்னிக்கு அங்கன இல்ல. போனைக் கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சிருவாக... எப்படிக் கூப்பிட?"

இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு மாரி உண்டு. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். "அந்தப் பிள்ளை பிழைச்சிரும்" என்று பொய் சொன்னேன். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்கு விரட்டினேன்.

வாட்ச்மேன் உள்ளே ஆள் அனுப்பினார். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே... நான் எழுதிய அந்தப் பக்கம் வரி வரியாக ஞாபகம் வந்து தொலைத்தது.

மாரி வந்தாள். வெறுங்கால். கொலுசு இல்லை. முத்துலட்சுமி முதலில் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார்.

"மறந்து போட்டுட்டு வந்துட்டேன்மா. உள்ள கால் வைக்கப் போறேன், ஒரு பிள்ளை கையைப் பிடிச்சு நிறுத்துச்சு. கொலுசைக் கழட்டுக்கான்னுச்சு. கழட்டி டிபன் பாக்ஸ்ல வச்சிருக்கேன்."

"எந்தப் பிள்ளை?" என்றேன்.

"தெரியலக்கா. பாவாடையெல்லாம் கருகிக் கெடந்துச்சு."

"சின்னப் பிள்ளைகளை உள்ள விடுறதே இல்லையே" என்றார் வாட்ச்மேன்.

நேராக பிரஸ்ஸுக்குப் போய் மெஷினை நிறுத்தச் சொன்னேன். முடிவை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் — மாரி பிழைத்துக்கொள்வாள். அழ வைக்கிற முடிவைக் கெடுக்காதீர்கள் என்று பதிப்பாளர் தினமும் போனில் திட்டுகிறார்.

காப்பாற்ற வந்த பிள்ளையை மறுபடியும் கொல்லச் சொல்கிறார், நியாயமா?