ரத்தினபாயின் கேள்விச் சீட்டு

மீனம்பாக்கம் விமான நிலையத்தை வெளியே நின்று மட்டுமே பார்த்திருந்த ஒருவரிடம், மஸ்கட்டில் மோர் கிடைக்குமா என்று கேட்க முடிச்சூரிலிருந்தும் சேலையூரிலிருந்தும் ஏன் ஆட்கள் வந்தார்கள்?

இந்தச் சந்தேகம் தாம்பரத்தில் பலருக்கு இருந்தது. ரத்தினபாயின் கணவர் எலியேசருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ரயில்வே பணிமனையிலிருந்து வந்ததும் தட்டின் முன் உட்கார்ந்து, "ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்றே. குழம்புல உப்பு போட்டியான்னு கேட்டா மட்டும் பதில் வராது" என்பார்.

"அதை நோட்டுல யாரும் எழுதலையே" என்பார் ரத்தினபாய்.

நோட்டுதான் விஷயம். மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், தட்சிணா டிராவல்ஸ் இருந்தது. ரத்தினபாய் அங்கே 1984-இல் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். ஜன்னலோரம் இருந்த மேசையில் உட்கார்ந்து டிக்கெட் விவரங்களை அடித்துக்கொடுப்பது வேலை. டிக்கெட் வாங்க வந்தவர்கள் அதோடு எழுந்து போகவில்லை. அங்கே தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கணுமா? புடவை கட்டிக்கொண்டு நடக்க முடியுமா? தயிர் உண்டா? தமிழ் ஆராதனை எந்த சர்ச்சில்? பெருமாள் கோயில் இருக்கிறதா? கழிப்பறையில் தண்ணீர் வருமா, காகிதம்தானா? முதல் மூன்று மாதங்கள் ரத்தினபாய் எல்லாவற்றுக்கும் "தெரியாதுங்க" என்றே சொன்னார். பிறகு ஒரு வழி தோன்றியது. பெரிய யோசனை என்று அதைச் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் கூச்சமும் நிறைய ஞாபகமும் உள்ள யாருக்கும் அது தோன்றியிருக்கும்.

ஒருவர் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார். அடுத்து அந்த ஊருக்குப் போகிறவரின் டிக்கெட் உறைக்குள் அதைச் செருகுவார். திரும்பி வந்ததும் அவர் மாடியேறி வந்து பதில் சொல்ல வேண்டும். பதிலும் சொன்னவர் பெயரும் மாதமும் நோட்டில் ஏறும். அடுத்தவர் கேட்கும்போது ரத்தினபாய் பக்கத்தைப் புரட்டி, "துளசிங்கம் சார், போன பிப்ரவரி. தயிர் இருக்காம், ஆனா புளிக்காதாம்" என்று வாசிப்பார். தன் சரக்காக ஒரு சொல் சேர்க்கமாட்டார்.

அளவுகள் மட்டும் அவருடையவை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் இருபது கிலோமீட்டர் என்று நோட்டு சொன்னால், அவர் "நம்ம ஸ்டேஷன்லேர்ந்து சைதாப்பேட்டைக்குக் கொஞ்சம் மேல" என்பார். வெயில் என்றால் செங்கல்பட்டு மே மாதம். கூட்டம் என்றால் திருநீர்மலைத் தேர். உலகம் முழுவதும் தாம்பரத்திலிருந்து அளக்கக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது என்பது கேட்டவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

நோட்டில் இல்லாததைச் சொல்வதில்லை என்ற வழக்கத்தை அவர் மீறியது ஒரே ஒரு முறை. 1990 நவம்பரில் பொன்னுரங்கம் வந்தார். முடிச்சூர்க்காரர். நிலத்தை மனை போட்டு விற்றவர். நியூ ஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்.

"குளுரு எப்டிம்மா கீது அங்க?"

ரத்தினபாய் பக்கத்தைப் புரட்டினார். அமெரிக்காவுக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதுவும் டெக்சாஸ், மே மாதம். தெரியாதுங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மனிதர் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். படியில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"ஊட்டி மாதிரி இருக்கும் அண்ணா."

"ஊட்டின்னா நமக்கு சப்பை மேட்டரு" என்று சொல்லி, ஒரு அரைக்கை ஸ்வெட்டரோடும் குரங்குக் குல்லாவோடும் பொன்னுரங்கம் விமானம் ஏறிவிட்டார்.

மார்ச்சில் திரும்பி வந்தவர் மாடிப்படியிலிருந்தே தொடங்கினார். "ஏம்மா, இன்னா ஊட்டிம்மா அது? ஊட்டில எங்கனா மீசை கல்லாவுமா? கதவத் தொறந்தா வாசல்ல உப்பளம் மாதிரி பனி கொட்டிக் கீது. வூட்டுல கோட்டு ஒண்ணு, ஆளு ரெண்டு. மாப்ள அத்த மாட்டிக்கினு ஆபீஸ் போய்ட்டா நான் ஹீட்டராண்ட குந்திக்கினு இருக்கணும். ஞாயித்துக்கெழமதான் எனக்குக் கோட்டு. நாலு மாசமும் ஒரே பேஜாரு!"

ரத்தினபாய்க்கு முகம் சிவந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பொன்னுரங்கமும் சிரித்தார். அவர் கோபமாகப் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சிரித்துக்கொண்டே போனதால் முடிச்சூர் முழுக்கச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் ரத்தினபாய்க்கு 'ஊட்டியக்கா' என்று பெயர் விழுந்தது. மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிறவர்கூட, "சில்லுனு கீதுக்கா, ஊட்டிக் காய்" என்றார்.

முதலாளி தட்சிணாமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மைத்துனர் பத்ரிநாராயணன் ஆறு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு, போரின்போது ஒரு பெட்டியோடு திரும்பி வந்து வீட்டில் சும்மா இருந்தார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க" என்றார் தட்சிணாமூர்த்தி. "கஸ்டமர் கேட்கிறதுக்கு நேர்ல பார்த்தவங்க பதில் சொன்னாத்தான் எடுபடும். நம்ம பத்ரி ஜன்னல் சீட்ல உட்காரட்டும். நீங்க உள்ளே டைப்பிங் பார்த்துக்கோங்க."

உள்ளே என்றால் ஜன்னல் இல்லாத, அலமாரிகளுக்கு நடுவே இருக்கும் இடம். அங்கே கேள்விகள் வராது. பதில்களும் வராது. அன்று எலியேசர் குழம்பில் உப்பில்லை என்று இரண்டு முறை சொன்னபோதும் ரத்தினபாய் காதில் விழவில்லை.

பத்ரிநாராயணன் ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நல்ல மனிதர். எந்த நாட்டைக் கேட்டாலும் குவைத்தைச் சொன்னார். லண்டனுக்குப் போகிறவரிடம், "வெயில்ல வெளியே போகாதீங்க, பார்க்கிங்ல கார் கொதிக்கும்" என்றார்.

அந்த வாரக் கடைசியில்தான் ஒரு விமானக் கம்பெனி ஏஜென்ட்களுக்கென்று சிங்கப்பூருக்கு ஓர் இலவச இருக்கை அனுப்பியது. நான்கு நாள். தட்சிணாமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு ரத்தினபாயைக் கூப்பிட்டார்.

"நீங்களே போய்ட்டு வாங்க சிஸ்டர். வந்து ஜன்னல்ல உட்கார்ந்து, 'நானே பார்த்தேன்'னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை போதும், ஜன்னல் சீட் உங்களுக்குத்தான்."

எலியேசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில், விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் ஸ்டேஷன் வரை வந்தார். "யாராவது எதாவது கேட்டா பதில் சொல்லிடாதே" என்றார்.

ரத்தினபாய் கைப்பையில் ஒரே ஒரு கேள்விச் சீட்டை வைத்திருந்தார். கேட்டவர் தாயாரம்மாள். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். பன்னிரண்டாவது மாடியில் வீடு. அங்கே ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பை நீட்டி அதில் துணி காயப்போடுகிறார்களாம். காற்றடித்தால் கம்பு கீழே போகிறவர் தலையில் விழாதா? மகனைக் கேட்டால், "ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறான். அது ஒரு பதிலா என்பது தாயாரம்மாளின் வாதம். இரண்டு வருடத்தில் மூன்று பேர் அந்தச் சீட்டைக் கொண்டுபோய், கடை கடையாக ஏறி இறங்கி, பார்க்க மறந்து திரும்பியிருந்தார்கள்.

மூன்றாம் நாள், மற்ற ஏஜென்ட்கள் எலெக்ட்ரானிக் சாமான் வாங்கப் போனபோது, ரத்தினபாய் ஒரு குடியிருப்பின் பின்பக்கம் போய் நின்றார். சமையலறை ஜன்னல்களுக்குக் கீழே வரிசையாக இரும்புக் குழாய்கள். ஒரு சீனப் பெண் ஐந்து சட்டைகள் கோத்த கம்பை ஒரே வீச்சில் தூக்கி, குழாயில் நுழைத்து, ஒரு தட்டு தட்டினார். சற்று நேரத்தில் காற்று கிளம்பியது. தலைக்கு மேலே நூறு வீட்டுத் துணிகள் படபடத்தன. மழை தூறியதும் கம்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ரத்தினபாய் குடையை விரிக்க மறந்து கடைசிக் கம்பு உள்ளே போகிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் இருந்த பெண் அவரைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சிரித்தார்.

திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்த முதல் நாள் மாடியேறி வந்தவர் பொன்னுரங்கமேதான்.

"சிங்கப்பூருக்கு ரெண்டு டிக்கெட்டும்மா. பொஞ்சாதிய கூட்டிக்கினு போறேன். கோட்டு வோணுமா?"

தட்சிணாமூர்த்தி பேனாவை மூடினார். பத்ரிநாராயணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன வாரம்தான் சிஸ்டர் அங்கே போய்ட்டு வந்தாங்க" என்றார் முதலாளி, பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுப்பவரைப் போல.

"அட்றா சக்க! அப்போ சொல்லு ஊட்டியக்கா, குளுரா, வெயிலா?"

ரத்தினபாய் நோட்டை எடுத்தார். நிதானமாகப் பக்கம் புரட்டினார்.

"ஜெயக்கொடி அம்மா, போன ஆகஸ்ட். கோட்டு வேண்டாமாம். தினம் மழையாம், குடை கட்டாயம்னு சொல்லியிருக்காங்க. துளசிங்கம் சாரும் அதேதான் சொல்றார், ரெண்டு வருஷம் முன்னாடி."

தட்சிணாமூர்த்தியின் வாய் 'நானே பார்த்தேன்' என்பதைத் தானாகவே ஒருமுறை ஒத்திகை பார்த்தது. ரத்தினபாய் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பொன்னுரங்கம் மீசையைத் தடவினார். "போன தபா நீயா சொன்னே, நான் வெறச்சேன். இந்தத் தபா நோட்டு சொல்லுது. ரெண்டு டிக்கெட்டு போடும்மா. கொடை நம்ம வூட்லயே கீது."

தட்சிணாமூர்த்தி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் நாற்காலியை முன்பு இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டார். ஜன்னல் சீட்டைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. ரத்தினபாய் அதில் இன்னும் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தார். 'நான் பார்த்தேன்' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அன்று டிக்கெட்டுகள் தயாரானதும், உறையை ஒட்டுமுன், கைப்பையைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். மழையில் நனைந்து காய்ந்ததில் அதன் ஓரம் சுருண்டிருந்தது.

"இது தாயாரம்மா கேட்ட கேள்வி அண்ணா. கொஞ்சம் பார்த்துட்டு வந்து சொல்லணும்."

பொன்னுரங்கம் சீட்டைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். "துணி காயப்போடற கம்பா? நீதான் போய்ட்டு வந்தியேம்மா, இத்த நீ பாக்கல?"

ரத்தினபாய் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி, சுருண்ட ஓரத்தை விரலால் நீவி, உறைக்குள் வைத்து ஒட்டினார்.

"பின்பக்கமா போய்ப் பாருங்க அண்ணா" என்றார். "காத்தடிக்கிற நேரமா."