அவள் அடித்த காற்று

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவருக்கு 'முள்ளு' என்று பெயர். குணத்தில் முள் எதுவும் கிடையாது; பாவம், தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருக்கிற மனிதர். இருபத்துநான்கு வருடமாக பாய்லர் முன்னால் நின்று, அழுத்தம் காட்டும் அதன் கேஜில் நடுங்கிக்கொண்டிருக்கும் முள்ளையே பார்த்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். மணிக்கு ஒரு தரம் முள் எங்கே நிற்கிறதோ அதை நோட்டில் எழுத வேண்டும். மற்ற ஷிப்ட்காரர்கள் எட்டு மணி நேரத்துக்கான எண்களையும் உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் எழுதிவிட்டுக் காலை நீட்டிவிடுவார்கள். இவர் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை. அதற்காக யாரும் மாலை போட்டுவிடவில்லை. பிழைக்கத் தெரியாத ஆள் என்றுதான் சொன்னார்கள்.

அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் ஒரே மகளிடம் பொய் சொன்னார்.

"சைக்கிள் ஓட்டுறீங்களாப்பா?" என்று போனில் கேட்பாள் அவள்.

"ஓட்டுறேன்மா. நேத்துகூடப் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

மகளுடைய சைக்கிள் எங்கேயும் போகவில்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கும் நடையில், சுவரோரமாக, ஸ்டாண்டு போட்டு நின்றது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவருடைய மனைவி வயிற்றை எக்கிக்கொண்டு ஒருக்களித்து நடப்பாள். தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைப்பவள். துணி மூட்டையோடு அந்த இடத்தில் நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனாலும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லி அவள் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

மகள் கடல் தாண்டி, மூக்குக்கண்ணாடிச் சில்லு தேய்க்கும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஆறு மாத ஒப்பந்தம். கிளம்பிய காலையில் வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பெட்டியைக்கூடத் தூக்காமல், இவள் பம்பை எடுத்து வைத்துக்கொண்டு சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்தாள். அடித்து முடித்துப் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"நாப்பத்தஞ்சு பவுண்டு இருக்குப்பா. சும்மா நிக்க விடாதீங்க, ஓட்டுங்க. உங்க பழைய டப்பா சைக்கிளத் தூக்கிப் போடுங்க."

"விரல்ல அழுத்துனா பவுண்டு தெரியுமா? வேலைய விட்டுட்டு நான் வீட்லயே இருந்திருக்கலாமே," என்றார் அவர்.

"என் விரலுக்குத் தெரியும்ப்பா," என்று சிரித்துவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறினாள்.

மகளிடம் அவர் கடைசியாக நேரில் சொன்னது அந்தக் கிண்டல்தான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று மறுநாள் பாய்லர் முன்னால் நிற்கும்போது தோன்றியது. அதற்கடுத்த நாளும் தோன்றியது. சைக்கிளை எடுத்து ஓட்டலாம் என்று இரண்டு தடவை கைப்பிடியைப் பிடித்தார். ஓட்டினால் காற்று குறையும், குறைந்தால் அடிக்க வேண்டும், அடித்தால் அது அவள் அடித்த காற்றாக இருக்காது. கைப்பிடியை விட்டுவிட்டார். தன் பழைய டப்பாவிலேயே வேலைக்குப் போனார்.

ஒரு மாதம் பொறுத்தார். பிறகு உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. ஒரு சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மா கண்ணாடி மேசை மேல் காற்று பார்க்கும் நான்கு கேஜை எடுத்துப் போட்டாள். ஒன்று பேனா மாதிரி, அழுத்தினால் பின்னாலிருந்து ஒரு குச்சி நீளும். ஒன்று பேட்டரி போட்டது, எண்ணாகவே காட்டும். மற்ற இரண்டும் வட்ட முகமும் முள்ளும் உள்ளவை. ஒன்று நூற்றறுபது வரை, ஒன்று நூறு வரை.

"பேட்டரி இருக்குறத எடுத்துக்குங்க சார். கண்ணாடி இல்லாமகூடத் தெரியும்."

"பேட்டரி தீர்றப்ப என்ன காட்டுமோ, யார் கண்டா," என்றார். குச்சி வைத்ததையும் ஒதுக்கினார். அதன் கோடுகள் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு நின்றன. நூற்றறுபதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு நாப்பத்தஞ்சு பாக்கணும். இதுல முள்ளு அடியிலயே கெடக்கும். எந்த கேஜா இருந்தாலும் ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் பொய் சொல்லும்மா. முள்ளு நடுவுல நின்னாத்தான் நம்பலாம்." நூறு வரை போகிறதைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாட்டும்போது இது எவ்வளவு காத்தக் குடிக்கும்?"

கடை வைத்த நாளிலிருந்து அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "குடிக்கிறதா? நேரா வெச்சு டக்குனு அழுத்துனா அரைப் பவுண்டு போகும். கோணலா வெச்சா ரெண்டு மூணு போயிடும். காத்துதானே சார், அடிச்சுக்கலாம்."

"அடிக்கக் கூடாது," என்றார் இவர். ஏன் என்று சொல்லவில்லை. கடையில் தொங்கிய ஒரு சைக்கிளின் சக்கரத்தில் பதினைந்து இருபது தடவை மாட்டி எடுத்துப் பழகினார். கடைக்காரம்மா வாடிக்கையாளரின் பெருமூச்சுகளுக்குப் பழகியவள்; பொறுத்துக்கொண்டாள்.

"உங்க வண்டிக்கு இது ஆகாது சார்," என்று வாசலில் நின்ற பழைய டப்பாவைக் காட்டினாள். "அதுல ரப்பர் வால்டியூப். காத்து உள்ள போகும், எவ்வளவு இருக்குன்னு வெளிய வந்து சொல்லாது."

"இது என் பொண்ணு வண்டிக்கு. அதுல கார் டயர்ல இருக்குற மாதிரி வால்வு."

வீட்டுக்கு வந்து, மனைவி மெஷினில் குனிந்திருந்த நேரமாகப் பார்த்து, நடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பின்சக்கரத்தின் வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேஜை நேராக வைத்து அழுத்தினார். 'ப்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். முள் நாற்பத்துமூன்றில் போய் நின்றது.

நல்ல டியூப் மாதத்துக்கு ஒன்றரைப் பவுண்டு இறங்கும் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தாள். இப்போது மாட்டியதில் அரை. கூட்டிப் பார்த்தார். சரியாக நாற்பத்தைந்து. அவளுடைய விரலுக்குத் தெரிந்துதான் இருந்தது. கேஜைக் கையில் வைத்துக்கொண்டு நடையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், கண் கரித்தது.

அன்றைக்குத்தான் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார்: காற்று முப்பதுக்குக் கீழே போவதற்குள் அவள் வந்துவிடுவாள். பீரோக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, மேலே 43 என்று எழுதினார். அடியில் 30 என்று எழுதிச் சிவப்பில் கோடு போட்டார்.

கட்டியவருக்கே அது கால்கட்டாகிப்போனது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு 'ப்ஸ்'. ஆசைப்பட்டு வாரம் ஒரு முறை பார்த்ததில் காற்று மளமளவென்று இறங்கியது. நாற்பது. முப்பத்தெட்டு. பார்க்கிறதாலேயே தீர்ந்துபோகிற பொருளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் செய்வான்? பதினைந்து நாளுக்கு ஒரு தரம் என்று மனதைக் கட்டுப்படுத்திப் பார்த்தார். சில நாள் கேஜை எடுத்து, வால்வு மூடியைத் திருகி, மறுபடி மூடிவிட்டு எழுந்துவிடுவார். மகளுடைய தட்டு, மகளுடைய செருப்பு, கண்ணாடியில் அவள் ஒட்டிவிட்டுப் போன பொட்டு, இவையெல்லாம் வீட்டில் இருந்தன. ஆனால் அவளுடைய கை வேகம் இருந்தது அந்த டியூபுக்குள் மட்டும்தான் என்று அவருக்குத் தோன்றியது.

ஐந்தாம் மாதக் கடைசியில் முள் முப்பத்திரண்டில் நின்றது. அன்று சோறு இறங்கவில்லை. பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மனைவி தட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த தடவை முப்பத்தாறு.

துள்ளிக் குதிக்காத குறைதான். வெயில் ஏறிவிட்டது, சூட்டில் காற்று விரியும், ஒன்றிரண்டு பவுண்டு கூடத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். அதற்கடுத்த தடவை முப்பத்தெட்டு. எழுதினார், ஆனால் கை தயங்கியது. ஆறு மாதம் முடிந்து, மகள் தான் வருகிற தேதியைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, முள் நாற்பதில் நின்றது.

இருபத்துநான்கு வருடம் முள்ளோடு குடித்தனம் நடத்தியவர். முள் மேலே போனால் எங்கோ தீ எரிகிறது என்று அர்த்தம். சும்மா நிற்கிற சைக்கிளுக்குள் எந்தத் தீ எரியும்? அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கேஜை எடுத்துக்கொண்டு நேராகச் சண்டைக்குப் போனார். அவர் லீவு கேட்டதைப் பார்த்துச் சலவைக்கூடமே மூக்கில் விரல் வைத்தது.

"நல்லா விசாரிச்சுத்தானேம்மா வாங்கினேன்? இதுவும் பொய் சொல்லுதே!"

கடைக்காரம்மா தன்னுடைய கேஜையும் இதையும் ஒரே சக்கரத்தில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே எண்.

"கேஜு உண்மையத்தான் சொல்லுது சார். காத்து தானா ஏறாது. யாரோ அடிக்கிறாங்க."

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்தேதான் இருந்தது. மெஷின் சத்தம் கேட்கவில்லை. வேறொரு சத்தம் கேட்டது: கீச், கீச். நடையில் மனைவி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளுடைய பம்பின் மேல் கவிழ்ந்து, "ஏழு... எட்டு..." என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாக மாட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பண்றே நீ?" என்றார் அவர். "அது அவ அடிச்ச காத்து. அதுல கொண்டுபோய் உன் காத்தக் கலந்துட்டியே!"

"ஏன், என் காத்துல என்ன விஷமா இருக்கு?" அவளுக்கும் சுருக்கென்று வந்தது. "அவ மொத மூச்சு விடுறதுக்கே நான்தான் மூச்சக் கட்டினேன். பொண்ணு உங்களுக்கு மட்டும் பொறந்தாளா?"

அவர் நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"முப்பதுக்குக் கீழ போறதுக்குள்ள வந்துடுவான்னு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். பீரோவ நானும்தான் தொறக்குறேன். தெனமும் அந்தச் செவப்புக் கோட்டப் பாத்துட்டுத்தான் சேலை எடுக்குறேன்."

"அப்புறம் ஏன்?"

அவள் பம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ வரலைங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டா. போன மாசமே எனக்குப் போன் பண்ணிச் சொன்னா. அப்பாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லும்மான்னு அழுதா. அன்னைக்குத்தான் நீங்க முப்பத்திரெண்டுன்னு எழுதிட்டுச் சாப்பிடாம எந்திரிச்சீங்க. எப்படிச் சொல்றது? சொல்ல வாய் வரல. அதான் காத்த அடிச்சேன்."

நடை மிகவும் குறுகலானது. அதில் இரண்டு பேரும் ஒரு சைக்கிளும். கால் நீட்ட இடமில்லை. அவர் சக்கரத்தின் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமே மலையாகத் தெரிந்தது. இப்போது இரண்டு வருடம். கோபம் யார் மேல் என்று தேடிப் பார்த்தார், ஆள் அகப்படவில்லை. மகளைப் பார்க்க வேண்டும், ஒரு தரம் பார்த்தால் போதும் என்ற ஏக்கம் மட்டும் மிஞ்சியது.

"ஏங்க," என்றாள் மனைவி. "அவ காத்து எல்லாமே போயிடுச்சா? நான் கெடுத்துட்டேனா?"

பொய்யாக ஒரு எண்ணும் எழுதாதவர் மனதுக்குள் கூட்டிக் கழித்தார். "இல்ல. நீ ஆரம்பிச்சப்ப முப்பத்திரெண்டு இருந்துச்சு. அது போக நீ அடிச்சது கொஞ்சம்தான். நாலுல மூணு பங்குக்கு மேல அவளோடதுதான்."

அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் எழுந்து பம்பை எடுத்தார். "இந்தா, கேஜப் பிடி. நேரா வெய்யி, சாய்க்காத. உன்னையும் ஏத்திக்கிட்டு ஓட்டணும்னா பின்னாடி அம்பது வேணும்."

"நானா? கேரியர்லயா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஓட்டுங்கன்னுதானே சொல்லிட்டுப் போனா?"

அவர் அடித்தார், அவள் முள்ளைப் பார்த்து எண் சொன்னாள். பாலம் வரை போய்விட்டு வந்தார்கள். அவர் மகளிடம் சொன்ன பொய் ஆறு மாதம் கழித்து உண்மையானது. திரும்பி வந்ததும் அவள் பீரோக் கதவைத் திறந்து, அந்தத் தாளில் தன் கையால் 50 என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"சைக்கிள் ஓட்டுறீங்களாப்பா?"

"ஓட்டுறோம்மா."

அந்த 'ஓட்டுறோம்' மகளுடைய காதில் விழுந்தது. பிறகு, "அம்மா சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"சொன்னா."

"கோவமாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன் விரலுக்குத் தெரியும்னு சொன்னியே, சரியாத்தான் சொன்னே. அன்னைக்கு நாப்பத்தஞ்சுதான் இருந்துச்சு. கேஜு வாங்கிப் பாத்துட்டேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள்; சிரிப்பு பாதியில் உடைந்தது. "நான் அடிச்சதெல்லாம் இன்னேரம் போயிருக்கும்ல?"

"போகலம்மா. நாங்க அடிச்சது மேலதான் நிக்குது. அடியில இருக்குறது நீ அடிச்சது. நீ வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கும்."

காற்றில் மேல் என்றும் அடி என்றும் எதுவும் கிடையாது, அடித்த நிமிஷமே ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது பாய்லர் முன்னால் இருபத்துநான்கு வருடம் நின்றவருக்குத் தெரியாதா என்ன. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நடைக்குப் போய், பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.