மூன்றாவது பெட்டி

அழிறப்பரால் தேய்த்த காகிதத்துக்கு ஒரு மணம் உண்டு, லேசாகச் சூடேறிக் கருகியது போன்ற மணம். சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற ஊரில், ஆலைச் சுவரைப் பார்த்தபடி இருந்த எங்கள் சமையலறை மேசையில், 2010 மாரிக்குளிர் முடியும் ஒரு மாலையில், அந்த மணத்தை முகர்ந்தபடி நான் அழுதேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

ஆறாம் வகுப்பு முடிந்ததும் எங்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஏ என்றால் மேற்படிப்புக்கு வழி திறந்திருக்கும், சி என்றால் சீக்கிரமே தொழில் பழகப் போக வேண்டும். அதற்குப் பரீட்சைப் புள்ளிகள் மட்டும் போதாதென்று, பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அளக்கவும் ஒரு தாள் வைத்திருந்தார்கள். ‘கணக்கு எனக்கு எளிதில் விளங்கும்’ என்பது போன்ற வசனங்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுக்கச் சரி, பெரும்பாலும் சரி, கொஞ்சம் சரி, சரியே இல்லை என்று நான்கு பெட்டிகள். எனக்குப் பக்கத்தில் இருந்த மரிசோலுக்கு அதையே ஸ்பானிஷில் கொடுத்தார்கள். எக்வடோரிலிருந்து வந்த அவள் அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்தார், என் அம்மா முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நின்றார். கணக்கில் நானும் மரிசோலும் போட்டிக்காரிகள். முந்துவது பெரும்பாலும் நான்தான், இதை எழுத இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உண்மையைத்தானே கேட்கிறார்கள் என்று நான் கணக்கு வசனங்களுக்கெல்லாம் முதல் பெட்டியில் ‘புள்ளடி’ போட்டேன். மரிசோல் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்று குறைத்து, இரண்டாவது பெட்டியில் போட்டாள். வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். நான் அம்மாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன், வாயை மூடிக்கொண்டு கையெழுத்தை மட்டும் வாங்கியிருக்கலாம்.

“என்னடி இது? உன்ரை வாயாலை நீயே கெட்டிக்காரி எண்டு சொல்லுவியோ? அதை ரீச்சரெல்லோ சொல்லோணும். நிறைகுடம் தளம்பாது. அழி.”

“அவையள்தானே கேட்டவை, அம்மா.”

“கேட்டால்? கண்ணூறு படும். அழி எண்டு சொல்லுறன்.”

அழித்தேன், அழுதுகொண்டே மூன்றாவது பெட்டிக்கு இறங்கினேன். அம்மா அடக்கமான பிள்ளையைப் பெற்ற திருப்தியோடு கையெழுத்து வைத்தார்.

மறுநாள் என் தாளைப் பார்த்த மரிசோலுக்கு முகம் வாடிவிட்டது. “நீயே கொஞ்சம் எண்டால், நான் என்ன?” என்று சுவிஸ் ஜேர்மனில் கேட்டாள். அம்மா சொல்லித்தான் அழித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டுக் கதை வெளியே போகக் கூடாது என்று வளர்ந்தவள் நான், சொல்லவில்லை. அவள் அழிறப்பர் கேட்டாள், கொடுத்தேன். அவளுடைய புள்ளடிகள் நான்காவது பெட்டிக்குப் போயின.

சில நாள் கழித்துப் பள்ளியில் ‘கெஸ்ப்ரேக்’, அதாவது பெற்றோரோடு பேசி முடிவெடுக்கும் நாள். என் புள்ளிகள் ஏ-க்கும் பி-க்கும் நடுவில் நின்றன. ஆசிரியை கெட்டவர் அல்ல. என் தாளை மேசையில் விரித்து, “உங்கள் மகளுக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை, ஏ பிரிவு அவளுக்குப் பாரமாகிவிடும்” என்றார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியவளும் நான்தான். நான் கெட்டிக்காரி என்றால் தற்புகழ்ச்சி, அம்மா அழிக்கச் சொன்னார் என்றால் அம்மாவைக் காட்டிக்கொடுப்பது. பொறியில் விழுந்த எலிக்குக்கூட வந்த வழி தெரியும், எனக்கு அதுவும் தெரியவில்லை. ஆசிரியை சொன்னதை மட்டும் அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா ஆசிரியையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் தலையாட்டினார்.

பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னார்: “நாங்கள் குறைச்சுச் சொன்னால், ‘இல்லையில்லை, அவள் கெட்டிக்காரி’ எண்டு அவையள் சொல்லுவினம் எண்டெல்லோ நினைச்சன்.” எங்கள் ஆட்களுக்குள் அதுதான் வழக்கம், ஒருவர் தாழ்த்த மற்றவர் உயர்த்துவார். அந்த அறையில் உயர்த்த யாரும் இல்லை.

எனக்கு பி கிடைத்தது, மரிசோலுக்கு சி. இரண்டு வருடம் முட்டிமோதி நான் ஏ-க்கு ஏறினேன். அவள் ஏறவில்லை. இப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறாள். ரயில் நிலையத்தில் கண்டால் கட்டிப்பிடித்து, “நீ எப்பவும் என்னை விடக் கெட்டிக்காரி” என்பாள். அந்த அழிறப்பரின் கதையை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

விதியைப் பாருங்கள், இன்று என் வேலையே அந்தப் பெட்டிகள்தான். வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து வரும், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் தங்கள் படிப்பைப் பற்றித் தாங்களே என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். தாளும் பென்சிலும் அழிறப்பரும் போய்விட்டன, எல்லாம் கையில் பிடிக்கும் தொடுதிரை. அன்றைய தாளை யாராவது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தால், முதல் பெட்டியில் நான் அழுத்திப் போட்ட புள்ளடியின் தடம் தெரிந்திருக்கும். திரையில் தடம் என்று ஒன்று இல்லை.

போன வாரம் ஒரு சிறுமி ‘கணக்கு எனக்கு எளிதில் விளங்கும்’ என்பதற்கு முதல் பெட்டியைத் தொட்டாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் திரையை எட்டிப் பார்த்தாள். விரலை மெதுவாக நகர்த்தி நான்காவதைத் தொட்டாள். விடை சொல்லும் பிள்ளையோடு நாங்கள் பேசக் கூடாது என்பது விதி. மரிசோலிடம் அன்றும் நான் வாய் திறக்கவில்லை, இந்தச் சிறுமியிடமும் திறக்கவில்லை.