இருபத்தெட்டுப் பேருக்கும் ஐந்து

போன சனிக்கிழமை காலை. என் அக்கா மகள் சுகந்தி ஒரு கட்டுத் தாளை என் முன்னால் பொத்தென்று போட்டாள்.

"எல்லாம் பொய் மாமா!"

சுகந்தி பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், உளவியல். வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து போனவள். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள்! (இதை இந்தப் பத்தியில் நாலு தடவை எழுதிவிட்டேன் என்று ஆசிரியர் கோபிப்பார். கோபிக்கட்டும்.)

லீவில் ஒரு சின்ன ஆய்வு செய்யச் சொல்லியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களின் தூக்கம், உடம்பு வலி, மனக்கவலை பற்றி ஒரு வினாக்கொத்து. ஒன்று முதல் ஐந்து வரை ஏதாவது ஒரு எண்ணுக்கு வட்டம் போடவேண்டும். ஐந்து என்றால் 'ரொம்ப நல்லா இருக்கேன்'.

வீடு வீடாக ஏன் அலைய வேண்டும்? வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் ஒன்றாகத்தானே நிற்பார்கள்? வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே... இந்த மகத்தான யோசனை யாருடையது? அடியேனுடையதுதான்.

முடிந்தது. இருபத்தெட்டுத் தாள். தூக்கம் ஐந்து, உடம்பு ஐந்து, மனசு ஐந்து. உலகத்திலேயே சந்தோஷமான மனிதர்கள் எங்கள் மலையில்தான் இருக்கிறார்கள் போல!

"நல்ல ரிசல்ட்தானே புள்ள?"

"அம்மாவோட தாளப் பாருங்க."

தோள்பட்டை வலியில் தூங்காமல் எழுந்து உட்காருகிறவள் என் அக்கா. தூக்கத்துக்கு ஐந்து போட்டிருந்தாள்.

"பின்ன? கண்டாக்கு ஐயா பக்கத்துல நிக்கிறாரு. பேரு வேற எழுதணுமாம். வலின்னு எழுதி, நாளைக்கு வேலை இல்லன்னுட்டா?" என்றாள் கூடவே வந்திருந்த அக்கா.

யார் கேட்கிறார்கள், எங்கே வைத்துக் கேட்கிறார்கள் என்பதும் பதிலுக்குள் புகுந்துவிடும் என்று வகுப்பில் சொன்னார்களாம். நான் அந்த வகுப்புக்குப் போகவில்லையே!

திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். "அப்படியே குடுத்துடேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது — ஆனால் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ல மாமா."

தாள்கள் அடுப்புக்குள் போயின. புதுத் தாளில் பெயருக்கு இடமில்லை. இரண்டு நாள், மழையில், லயம் லயமாக நடந்தாள். நான் குடையோடு பின்னால். பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்கச் சொல்லி எனக்கு உத்தரவு! ஒவ்வொரு வாசலிலும் முதலில் அவள் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது: இது எந்த ஆபீசுக்கும் போகாது, விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

எண்கள் இறங்கிவிட்டன என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

கடைசியாக அவள் வீடு; மழை பலத்ததால் நானும் வாசலில் ஒதுங்கினேன். அம்மாவிடமும் அதையே சொன்னாள்.

"நெசமாவே வேணாம்னு சொல்லலாமா?" என்று கேட்டாள் அக்கா.

"சொல்லலாம்மா."

"அப்ப எனக்கு வேணாம்."

சுகந்தியின் முகம் போன போக்கு! அக்கா சிரித்தாள்.

"முப்பது வருசமா எங்கிட்ட யாரும் விருப்பமான்னு கேட்டதில்ல புள்ள. ஒரு தடவயாச்சும் சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு."

சுகந்தி கெஞ்சவில்லை. பேனாவை எடுத்து அறிக்கையில் எழுதினாள்: 'பங்கேற்க மறுத்தவர் — ஒருவர்.'

அந்த ஒருவருக்குத் தம்பி நான். எழுதியவளுக்கு மாமன். இந்த வாரம் என் கால் தரையில் இல்லை!