கதவில் இருந்த எண்

ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். பெயர் மட்டும் கடப்பாறை. கட்டடம் இடிக்கப் போகிறவனுக்கு வேறு என்ன பட்டப்பெயர் கிடைக்கும்? இடித்த இடங்களில் பொறுக்கியதை வைத்தே வீடும் கட்டிவிட்டான். சுவருக்கு எண்ணெய் டின்களைத் தட்டையாக அடித்தான். ஜன்னல், ஓட்டை பஸ் ஒன்றினுடையது. கூரை விளம்பரப் பேனர். படுத்து மேலே பார்த்தால் யாரோ ஒருத்தி பல் தெரியச் சிரிப்பாள். அவன் மனைவிக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

கதவு மட்டும் அசல் மரம். ஆற்றோரக் குடிசைகளை அரசாங்கம் இடித்தபோது, குப்பையில் கிடந்ததைத் தலையில் சுமந்து வந்தான். அதில் சிவப்புப் பெயிண்டில் 212 என்று எழுதியிருந்தது. நம்பர் இருந்தால் வீட்டுக்கு ஒரு களை என்று அழிக்காமல் விட்டான், பாவி மனுஷன்.

போன மாதம் இங்கேயும் கணக்கெடுக்க வந்தார்கள். கதவில் நம்பர் போட்டால், இடித்த பிறகு மாடி வீடு கிடைக்கும். போடாவிட்டால் இடிப்பது மட்டுந்தான். அன்றைக்கென்று இவன் வேலையில், அவள் தண்ணீர் லாரி வரிசையில். பெயிண்ட் டப்பாவோடு வந்தவன் 212-ஐப் பார்த்தான். ஏற்கெனவே போட்டாயிற்று என்று நடையைக் கட்டிவிட்டான். இந்தப் பக்கத்து வீடு 58, அந்தப் பக்கத்து வீடு 59.

மூன்று நாள் ஆபீஸ் வாசலில் இவன் கால்கடுக்க நின்றபின் குமாஸ்தா நோட்டைப் புரட்டினார்.

"212-க்கு வீடு குடுத்தாச்சேப்பா. கையெழுத்தும் இருக்கு. இன்னொண்ணு கேக்குறியா?"

"வாங்குனது வேற யாரோ சார். கதவு மட்டுந்தான் எங்கிட்ட இருக்கு."

"அடுத்தவன் கதவு உங்கிட்ட எப்படி வந்துச்சு? எடுத்துட்டு வந்தேன்னு எழுதிக் குடு, பாக்கலாம்."

எழுதிக் கொடுத்தால் திருடன், கொடுக்காவிட்டால் வீடு வாங்கியவன். எழுதாமலே திரும்பினான்.

இடிப்பதற்கு முந்தின நாள் அக்கம்பக்கத்தார் மாடி வீட்டுச் சாவியோடு கிளம்பினார்கள். நல்ல மனசுதான் எல்லாருக்கும். "தம்பி, எங்களுக்கு இனிமே எதுக்கு? உனக்காவது ஆகட்டும்" என்று தகரம், பலகை, தார்ப்பாய் எல்லாவற்றையும் அவன் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். நாலு வீடு கட்டலாம். அவ்வளவு சாமான் அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

"இதையெல்லாம் எந்த எடத்துலங்க கட்டுறது?" என்றாள் அவள்.

அவன் தகரக் குவியல்மேல் உட்கார்ந்து அழுதான்.