லிட்டருக்குப் பதினெட்டு

அந்தக் காரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. பதினாறு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவன், மாலை போட்ட புதுக் காரோடு மந்தைவெளித் தெருவுக்குள் நுழைகிறேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறக்கின்றன. நீங்கள் இரண்டு பேரும் வாசலில் குதிக்கிறீர்கள். அந்த நேரத்தில் போய்ப் பிடிக்கவில்லை என்று யாரிடம் சொல்வது?

நான் தி.நகரில் பாத்திரக் கடையில் வேலை பார்த்தவன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் தகடுதான். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் எவர்சில்வர் என்ன கனம் என்று சொல்லிவிடுவேன். காரின் முன்பக்க மூடியைத் தட்டிப் பார்த்தேன். நாங்கள் சீர்வரிசைக்கு விற்கிற குடம் இதைவிடக் கனம். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின்னை மூடுகிற சத்தம். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. ஏ.சி. போட்டால் சின்ன ஏற்றத்திலும் மூச்சு வாங்கும். அதனால் ஏ.சி.யைத் தொடக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். சீட்டுகளில் கம்பெனி சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறையையும் பிரிக்கவில்லை. அழுக்காகிவிடும் என்று பயம். மே மாத வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகுச் சட்டையோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும்.

இவ்வளவு பிடிக்காததை ஏன் வாங்கினேன் என்று கேட்பீர்கள். லஸ் முனையில் மழையில் விழுந்தோமே, அதற்காக. சின்னவன் முன்னால் நின்றுகொண்டு, பெரியவள் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, அம்மா பின்னால் ஒருபக்கமாகக் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, நாலு பேர் ஒரு ஸ்கூட்டரில் போனோம். அவள் புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டியது. எல்லாருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அன்று ராத்திரி அவள் தலைப்பின் கிழிசலைக் காட்டி, "இனிமே இந்தப் பசங்களை இதுல ஏத்த மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கார் வந்தது.

ஷோரூமில் டை கட்டிய ஒரு பையன், எனக்குத் தம்பி வயசு சொல்லலாம், என்னை உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தான். "சிட்டிக்குள்ளயே எய்ட்டீன் குடுக்கும் சார். ஹைவேல கேக்கவே வேணாம்" என்றான். காரைப் பற்றி அவன் சொன்ன நூறு விஷயத்தில் எனக்கு நின்றது லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்கிற அந்தப் பதினெட்டு ஒன்றுதான். பிடிக்காத வண்டியில் எனக்குப் பிடித்த ஒரே பாகம்.

முதல் மாதம் பதினொன்று வந்தது. நான் பெட்ரோல் போட்ட ரசீதை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். இந்தத் தடவை ஜூஸ் இல்லை.

"நீங்க எப்படி ஓட்டறீங்கன்னு பாக்கணும் சார்."

"எப்படி ஓட்டறேன்? கையால ஸ்டியரிங்கைப் புடிச்சு, காலால மிதிச்சு ஓட்டறேன்."

"இல்ல சார், டிரைவிங் ஸ்டைல்னு ஒண்ணு இருக்கு. சில பேர் ஸ்கூட்டர் மாதிரி ஓட்டுவாங்க."

அவன் சட்டையைப் பிடிக்காமல் வெளியே வந்ததற்கு இன்னும் நான் என்னை மெச்சிக்கொள்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரத்தில் உங்கள் மாமா வீட்டில் சாப்பாடு. மாமா, அதாவது உங்கள் அம்மாவுக்கு அண்ணன், துணிக்கடையில் பங்குதாரர். லிட்டருக்கு எட்டுகூடத் தராத ஒரு பழைய பெரிய கார் வைத்திருந்தார். எனக்கும் அவருக்கும் கல்யாணத்தன்றே ஒத்துப்போகவில்லை. இலையில் ரசம் விழுந்ததும் ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, தீப்பெட்டி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது மச்சான்."

"என்ன குடுக்குது?"

"பதினெட்டு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பதினெட்டா! என் கடை டிரைவர் இதே வண்டி ஓட்டினவன். பன்னெண்டு தாண்டாதுங்கான். தள்ளிக்கிட்டே போறீகளோ?"

பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். அதுதான் எனக்குச் சுட்டது. "பதினெட்டு குடுக்கலேன்னா வண்டியை வித்துட்டு ஸ்கூட்டர்லயே போறேன். நீங்களே வந்து பாருங்க" என்றேன். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எதை நான் பந்தயத்தில் வைத்தேன் என்று எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் நாலு பேர் ஸ்கூட்டரில்.

அடுத்த ஞாயிறு காலை மச்சான் வந்துவிட்டார், சாட்சி பார்க்க. டேங்கை வாய்வரை நிரப்ப வேண்டும், ஊரைச் சுற்ற வேண்டும், திரும்ப வந்து அதே பங்க்கில் வாய்வரை நிரப்பினால் குடித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். நீங்கள் இரண்டு பேரும் அம்மாவும் பின்சீட்டில். பங்க்கில் பெட்ரோல் வழியும்போது நான் வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஆட்டினேன். உள்ளே நிற்கிற காற்று வெளியேறினால் இன்னும் கொஞ்சம் போகும். மச்சானும் இறங்கி மறுபக்கம் வந்து பிடித்து ஆட்டினார். அவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, ஆட்டுவதில் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவேன் என்று. இரண்டு பெரிய மனுஷர்கள் இரண்டு பக்கமும் நின்று காரைத் தொட்டில்போல ஆட்டுகிறோம், உள்ளே உங்கள் அம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறாள்.

"ஊருக்குள்ள பதினெட்டுன்னுதானே சொன்னீக?" என்றார் மச்சான் முன்சீட்டில் ஏறிக்கொண்டு. "பாண்டி பஜார் வழியா விடுங்க."

வேண்டுமென்றேதான். அங்கே ஞாயிற்றுக்கிழமை மனுஷன் நடக்கவே இடமிருக்காது.

எனக்கும் ஒரு வித்தை கைவசம் இருந்தது. ஸ்கூட்டரில் பதினாறு வருஷமாகச் செய்தது. சிக்னல் வந்தால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவேன், பச்சை விழுந்ததும் போடுவேன். பாலத்து இறக்கம் வந்தால் அணைத்துவிட்டு உருண்டே இறங்குவேன். ஸ்கூட்டர்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். காரிலும் அதையே செய்தேன். சத்தம் வராமல் சாவியைத் திருப்ப முந்தின நாள் ராத்திரி வாசலில் உட்கார்ந்து பழகியும் வைத்திருந்தேன்.

பனகல் பார்க் பக்கம் ஒரு சிக்னலில் மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்?"

"புது எஞ்சின் மச்சான். நின்னா சத்தமே வராது."

"ம்." வேறு வழியில்லாமல் தலையாட்டினார். "அது ஒண்ணுதான் நல்லாருக்கு."

எனக்கு உள்ளே சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது. நந்தனம் தாண்டி அடையாற்றுப் பாலத்துக்கு வந்தோம். திருவான்மியூர் கோயில்வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். பாலத்தின் நடு முதுகில் ஏறியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பினேன். வண்டி காற்றைப்போல இறங்கியது. முன்னால் ஒரு ஆட்டோ. அதற்கு முன்னால் ஒரு பஸ். லேசாக மிதித்தேன், பிடித்தது. இன்னொரு தரம் மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. பஸ் திடீரென்று ஓரம் கட்டி நிற்க, ஆட்டோவும் நின்றது. மூன்றாம் தரம் மிதித்தபோது பிரேக் இல்லை. இல்லை என்றால், இருந்தது, கருங்கல்லாக இருந்தது. இரண்டு காலையும் வைத்து அழுத்தினேன். போய் ஆட்டோவின் முதுகில் முட்டிற்று.

பெரிய முட்டு இல்லை. ஆனால் பின்சீட்டில் நான் பிரிக்காத அந்த உறையின்மேல் நீங்கள் இருவரும் வழுக்கிக்கொண்டு வந்தீர்கள். சின்னவன் இரண்டு சீட்டுக்கும் நடுவே விழுந்தான், அடியில்லை. பெரியவளே, உன் வாய் என் சீட்டின் பின்கம்பியில் மோதி உள்உதடு கிழிந்தது. நீ போட்ட சத்தத்தை நான் இப்போதும் கேட்கிறேன்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "யோவ், கண்ணு இன்னா முதுகுலயா கீது? இம்மாம் பெரிய வண்டி நிக்கிறது தெரியல?"

"பிரேக் பிடிக்கலப்பா. புது வண்டி, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். அந்த நேரத்திலும் அந்த டை கட்டிய பையன்தான் எனக்கு ஞாபகம் வந்தான்.

அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். சாவியைப் பார்த்தார். எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்தார். பிறகு சிரித்தார்.

"நைனா, ஆஃப் பண்ணிகினு வந்தியா?"

நான் சாவியைக் கையால் மறைத்தேன்.

"என்கிட்ட மறைக்காத. நானும் பாலத்துல ஆஃப் பண்றவன்தான். என்னுது சும்மா ஆட்டோ, மிதிச்சா புடிக்கும். உன்னுது எஞ்சின் ஓடினாத்தான் பிரேக்குக்குத் தெம்பு. அணைச்சா ரெண்டு மிதிதான், அப்பால கல்லு. வண்டி வாங்கிக்கினா மட்டும் போதுமா? புள்ளைங்கள வெச்சிகினு..." கடைசியில் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன்.

"அப்ப பனகல் பார்க்ல?" என்று மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"காலையிலேருந்தே" என்றாள் அம்மா பின்னாலிருந்து. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முந்தானையை உன் வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். "ஒரு நம்பருக்காக" என்றாள். சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"வாம்மா, பக்கத்துல டாக்டர்கிட்ட உடறேன். துட்டு வாணாம்" என்றார் ஆட்டோக்காரர். அவர் ஆட்டோவின் பின்பக்கம் நசுங்கித்தான் இருந்தது. அதிலேயே ஏறிப் போனீர்கள்.

நானும் மச்சானும் பாலத்தடியில் நின்று கத்திக்கொண்டோம். "பிள்ளைகளைக் கொல்லப் பாத்தீரே" என்றார். "தீப்பெட்டின்னு பந்தியில வெச்சுக் கேலி பண்ணது யாரு?" என்றேன். "அதுக்கு?" என்றார். அவர் பஸ் ஏறிவிட்டார்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இவ்வளவு நாள் நினைத்தேன். நீங்கள் டாக்டரிடம் போன அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக அதே பங்க்குக்குப் போனேன். வாய்வரை நிரப்பச் சொன்னேன். தனியாளாக ஒரு பக்கம் நின்று ஆட்டினேன், பிறகு மறுபக்கம் ஓடிப்போய் ஆட்டினேன். அணைத்து அணைத்து ஓட்டியும் பதினாலு. வீட்டுக்கு வந்தபோது நீ உதட்டில் பஞ்சோடு தூங்கிக்கொண்டிருந்தாய். எங்கே போயிருந்தீர்கள் என்று அம்மா என்னைக் கேட்டாள். வண்டியை ஓரம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

ஆட்டோக்காரன் சட்டென்று பிரேக் போட்டுவிட்டான் என்று நீங்கள் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறீர்கள். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். அந்த மனுஷன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த வாரம் மச்சான் போன் செய்தார், அம்மாதான் எடுத்தாள். அவர் பேசுவது எனக்கே கேட்டது. "வார்த்தை வார்த்தைதான். வண்டியை விக்கச் சொல்லு. நானே ஆள் பாக்கேன்."

"வண்டி என்ன செஞ்சுச்சு?" என்றாள் அம்மா. "ஓட்டினவரைச் சொல்லு. அவரை விக்க முடியாது. வண்டி எங்கயும் போகாது அண்ணே. நாளையிலேருந்து நான் ஓட்டக் கத்துக்கப் போறேன்."

என்னிடம் கேட்கவில்லை. சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே சீட்டு உறைகளைக் கத்தரியால் கிழித்து எடுத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பெண்பிள்ளை ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து போகவா என்றெல்லாம் மனசுக்குள் பேசினேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

லைசென்ஸ் வந்தபின் முதல் ஞாயிறு நாலு பேரும் போனோம். ஏ.சி. போட்டாள். மயிலாப்பூர் குளம் பக்கம் சிவப்பு விழுந்தது, நீளமான சிக்னல். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னையறியாமல் என் வலது கை சாவியை நோக்கிப் போயிருக்கிறது.

"கையை மடியில வைங்க" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

வைத்துக்கொண்டேன்.